காலியிடம் தேடியவர்: ஓலே குன்னர் சோல்ஷேர், ஒரு நிகழ்வு ஆய்வு

மான்செஸ்டர் யுனைடெட்டின் முன்னாள் முன்கள வீரர், நார்வேக்காரர் ஓலே குன்னர் சோல்ஷேர், இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பிரீமியர் லீக்கில் அடித்த கோல்கள் 91. அவற்றில் மாற்று வீரராக இறங்கி அடித்தவை 17தான். மீதி 74 கோல்களையும் முதல் விசிலிலிருந்தே களத்தில் நின்று அடித்தார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் ரசிகர் மனதில் வருவது, பெஞ்சில் உட்கார்ந்திருந்து, கடைசிப் பத்து நிமிடத்தில் இறங்கி, ஆட்டத்தைத் திருப்பிவிட்டுப் போகும் ஆள். அந்தப் பிம்பம் அவருடைய பயிற்சியாளர் வாழ்க்கையிலும் ஒட்டிக்கொண்டது. 2018 டிசம்பரில் இடைக்காலப் பயிற்சியாளராக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்து வெற்றியாகக் குவித்தபோதும் சரி, 2021 நவம்பரில் வேலை போனபோதும் சரி, பலரும் ஒரே தீர்ப்பைத்தான் எழுதினார்கள்: நடுவில் வந்து காப்பாற்றத் தெரிந்தவர், தொடக்கத்திலிருந்து நடத்தத் தெரியாதவர்.

எழுத வசதியான தீர்ப்பு. ஆனால் நடந்தவை அதற்கு ஒத்துவரவில்லை. 2011இல் நார்வேயின் மோல்டே அணியைச் சீசன் தொடங்குமுன்பே கையில் எடுத்து லீக் பட்டம் வாங்கிக்கொடுத்தார். 2014இல் சீசன் நடுவில், பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்த கார்டிஃப் அணிக்குப் போனார். அந்த அணி கடைசி இடத்தில் முடிந்தது. இரண்டுமே அந்தத் தீர்ப்புக்கு நேர் எதிர். வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது. எதிரணி முன்னேறி வந்து தனக்குப் பின்னால் காலியிடம் விட்டால் சோல்ஷேரின் அணி யாரையும் வெல்லும். எதிரணி பின்வாங்கி அடைத்துக்கொண்டால் அவர் அணிக்கு வழி தெரியாது. முன்கள வீரராக அவர் கற்ற பாடமும் அதுதான், பயிற்சியாளராக அவர் தாண்டாத எல்லையும் அதுதான் என்பது என் கணிப்பு.

பெஞ்சில் கற்றது

1973 பிப்ரவரி 26 அன்று நார்வேயின் மேற்குக் கரையில், தீவுகள்மீது பரவிக் கிடக்கும் கிறிஸ்டியான்சுண்ட் நகரில் பிறந்தார். உப்பிட்டு உலர்த்திய காட் மீன் ஏற்றுமதியில் செழித்த ஊர் அது. அப்பா கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் தேசிய சாம்பியன். மகனும் சின்ன வயதில் மல்யுத்தம் பழகிப் பார்த்தார், ஒட்டவில்லை. உள்ளூர் கிளப்பான கிளவுசெனெங்கனில் கால்பந்து ஆடினார். 1994 சீசனில் அந்த அணி அடித்த 47 கோல்களில் 31 இவருடையவை. மோல்டே அணியின் பயிற்சியாளர் ஓகே ஹரைடே இவரை அழைத்துக்கொண்டபோது வயது 21 முடியும் தறுவாய். இன்று அந்த வயதில் ஒரு வீரர் கீழ்மட்ட லீக்கில் இருந்தால் அவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மோல்டேவுக்காக 42 லீக் ஆட்டங்களில் 31 கோல்கள் அடித்தார்.

1996 ஜூலையில் யுனைடெட் இவரை 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதே வாரத்தில் ஆலன் ஷியரர் ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு நியூகாசில் போனார். ஷியரர் தங்களுக்குக் கிடைக்காத வருத்தத்தில் இருந்த யுனைடெட் ரசிகர்களுக்குப் பள்ளி மாணவன் முகம் கொண்ட இந்த நார்வேக்காரர் யாரென்றே தெரியாது. முதலில் சில மாதம் ரிசர்வ் அணியில் ஆடிப் பழகட்டும் என்பதுதான் திட்டம். ஆகஸ்டில் பிளாக்பர்னுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி ஆறு நிமிடத்தில் கோல் அடித்தார். அந்தச் சீசனில் 18 லீக் கோல்கள், கூடவே லீக் பட்டம்.

பிறகு முன்கள வீரராக ட்வைட் யார்க் வந்தார், ஆண்டி கோல் இருந்தார், டெடி ஷெரிங்காம் இருந்தார். சோல்ஷேர் பெஞ்சுக்குப் போனார். 1998இல் டாட்டன்ஹாம் இவரைக் கேட்டது, யுனைடெட் விற்கவும் தயாராக இருந்தது, இவர்தான் மறுத்தார். இந்த மறுப்பு இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவும் இல்லை. 1999 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் லிவர்பூலுக்கு எதிராகக் கடைசி நேரக் கோல். பிப்ரவரி 6 அன்று நாட்டிங்காம் ஃபாரஸ்ட் மைதானத்தில் 72ஆவது நிமிடத்தில் இறங்கி நான்கு கோல்கள், ஆட்டம் 8-1. மே 26 அன்று பார்சலோனாவின் கேம்ப் நூவில் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி. ஆறாவது நிமிடத்திலிருந்து பயர்ன் மியூனிக் 1-0 என முன்னணியில் இருந்தது. ஷெரிங்காம் 67ஆவது நிமிடத்திலும் சோல்ஷேர் 81ஆவது நிமிடத்திலும் இறங்கினார்கள். கூடுதலாகக் கிடைத்த நிமிடங்களில் முதலில் ஷெரிங்காம், அடுத்து பெக்கமின் கார்னரில் ஷெரிங்காம் தலையால் தட்டிவிட்ட பந்தைக் கால் நீட்டிக் கூரைவலைக்குள் தள்ளிய சோல்ஷேர். யுனைடெட் ஒரே சீசனில் மூன்று கோப்பைகள் வென்றது.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத்தான் கவனிப்பேன், யார் எங்கே இடம் விடுகிறார் என்று பார்ப்பேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்க எளிது. எழுபது நிமிடம் கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரும்பாலான மாற்று வீரர்களிடமிருந்து அவரைப் பிரித்தது இந்தப் பழக்கம்தான். ஆனால் அவர் என்ன கவனித்தார் என்பதையும் பார்க்க வேண்டும். களைத்துப்போன ஒரு தடுப்பாட்டக்காரர், தளர்ந்த ஒரு வரிசை, எண்பதாவது நிமிடத்தில் தானாகத் திறக்கும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியை யார், எப்படி, முதல் எண்பது நிமிடத்தில் உண்டாக்கினார்கள் என்பது வேறு பாடம். யுனைடெட்டில் அதை நடுக்கள வீரர்களான ராய் கீன், ஸ்கோல்ஸ், பெக்கம், கிக்ஸ் ஆகியோர் செய்துகொடுத்தார்கள்.

2001-02இல் ரூட் வான் நிஸ்டல்ராயுடன் சேர்ந்து நிரந்தரமாக ஆடி 25 கோல்கள் அடித்தார். 2003 செப்டம்பரில் பானதினைக்கோஸ் ஆட்டத்தில் முழங்கால் போனது. அறுவைச் சிகிச்சை, மறுபடி சிகிச்சை என்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வீணாயின. 2006 ஆகஸ்டில் சார்ல்டனுக்கு எதிராகத் திரும்பவும் ஒரு லீக் கோல். 2007இல் ஆறாவது லீக் பட்டம். அதே ஆகஸ்டில் ஓய்வு. கிளப்புக்கு 366 ஆட்டங்கள், 126 கோல்கள். நார்வேக்கு 67 ஆட்டங்கள், 23 கோல்கள். மறு ஆண்டு நார்வே அரசர் தூய ஓலாவ் விருது தந்தார்.

மோல்டே, கார்டிஃப், மறுபடி மோல்டே

யுனைடெட்டின் ரிசர்வ் அணியில் பயிற்சியாளராகக் கை பழகிய பின், 2010 நவம்பரில் மோல்டே அழைத்தது. ரோஜாக்களுக்கும் ஜாஸ் விழாவுக்கும் பெயர்போன சிறிய கடலோர ஊர். 1911இல் தொடங்கிய கிளப், நூறு ஆண்டாகியும் லீக் பட்டம் இல்லை. 1987இல் கடைசி நாள் ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், மாஸ் அணியிடம் பட்டத்தை இழந்த காயம் ஊருக்கே நினைவிருந்தது. 2010இல் பதினோராவது இடம். சோல்ஷேரின் முதல் லீக் ஆட்டமே புதிதாக மேலே வந்த சார்ப்ஸ்போர்கிடம் 0-3 தோல்வி. அந்தச் சீசனின் முடிவில் மோல்டே சாம்பியன், அதுவும் நூற்றாண்டு ஆண்டில். 2012இல் மறுபடி பட்டம், 2013இல் நார்வே கோப்பை.

இவ்வளவு நல்ல தொடக்கம் எப்படி? பண உதவி செய்ய உள்ளூரிலிருந்து வளர்ந்த இரண்டு தொழிலதிபர்கள் இருந்தார்கள். வீரர்கள் இளைஞர்கள், ஓடக்கூடியவர்கள். நார்வே லீக்கில் ஆட்டங்கள் திறந்தவை. யாரும் தொண்ணூறு நிமிடம் கோல் பகுதிக்கு முன்னால் சுவர் எழுப்பி நிற்பதில்லை. பந்தைப் பிடித்ததும் முன்னோக்கி விரைவாக ஆடு என்ற அவருடைய பாடம் அங்கே அப்படியே பலித்தது. ஆஸ்டன் வில்லா 2012இல் கேட்டபோது மறுத்துவிட்டார்.

2014 ஜனவரியில் கார்டிஃபுக்குச் சரி என்றதுதான் புதிர். உரிமையாளரான மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் நீல நிற அணியைச் சிவப்பாக்கி ரசிகர்களைப் பகைத்துக்கொண்டிருந்தார். முந்தைய பயிற்சியாளர் மால்கி மக்கேயை வெளியேற்றியிருந்தார். சோல்ஷேர் வந்தபோது அணி கீழிறங்கும் பகுதிக்கு (அடுத்த சீசனில் கீழ் லீக்குக்குப் போக வேண்டிய கடைசி மூன்று இடங்களுக்கு) சற்று மேலே இருந்தது. 18 லீக் ஆட்டங்களில் மூன்று வெற்றி. ஹல்லிடம் சொந்த மைதானத்தில் 0-4, சண்டர்லாந்தில் 0-4, ஸ்வான்சியில் 0-3. மோல்டேவில் ஆடிய மூன்று நார்வே வீரர்களைக் கூட்டிவந்தார்; இங்கிலாந்தின் வேகத்தில் அவர்களால் நிற்க முடியவில்லை. தப்பிப் பிழைக்கப் போராடும் அணிக்குத் தேவை தடுப்பு ஒழுங்கு. அதை அவரால் தர முடியவில்லை. 30 புள்ளிகளுடன் கடைசி இடம். செப்டம்பரில் பிரிவு.

2015 அக்டோபரில் மோல்டேவுக்கே திரும்பினார். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கில் ஃபெனர்பாச்சே, அயாக்ஸ், செல்டிக் இருந்த பிரிவில் மோல்டே முதலிடம் பிடித்தது. இந்த இரண்டாம் வாசத்தில் பட்டம் இல்லை, ஆனால் ஒரு பையன் கிடைத்தான். 2017இல் ப்ரின்னேவிலிருந்து வந்த எர்லிங் ஹாலண்ட். 2018 ஜூலை 1 அன்று பிரான் அணிக்கு எதிராக முதல் 21 நிமிடத்துக்குள் நான்கு கோல்கள் அடித்தபோது அவனுக்கு வயது 17. பெட்டிக்குள் எப்போது நகர்வது, எப்படி முடிப்பது என்பதில் சோல்ஷேரின் தனிப்பயிற்சி உதவியதை ஹாலண்ட் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இவருடைய பயிற்சித் திறமையில் சந்தேகமே இல்லாத பகுதி இதுதான். யுனைடெட்டில் 2019-20 சீசனில் மார்சியால் 23, ரஷ்ஃபோர்ட் 22 என்று அடித்ததும் இதே கணக்கில் வரும். தனி முன்கள வீரருக்கு அவர் கற்றுக்கொடுத்தவை தங்கின.

திறந்த வெளி, அடைத்த கதவு

2018 டிசம்பர் 18 அன்று ஜோசே மொரின்யோவை யுனைடெட் நீக்கியது. மறுநாள் சோல்ஷேர், சீசன் முடியும்வரை மட்டும். முதல் ஆட்டம், என்ன பொருத்தமோ, கார்டிஃப் மைதானத்தில். 5-1. நீண்டகாலப் பயிற்சியாளர் ஃபெர்குசனின் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு யுனைடெட் லீக்கில் ஐந்து கோல் அடித்தது அதுவே முதல் முறை. தொடர்ந்து எட்டு வெற்றிகள். 2019 மார்ச் 6 அன்று பாரிஸில் அந்த ஊர் அணியான பி.எஸ்.ஜி.யை 3-1 என வென்றார்கள். சாம்பியன்ஸ் லீக்கில் சொந்த மண்ணில் 0-2 தோற்றுவிட்டு அந்நிய மண்ணில் மீண்ட முதல் அணி. 19 ஆட்டங்களில் 14 வெற்றி ஆனதும் மார்ச் 28 அன்று மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

அந்தப் பாரிஸ் இரவைக் கூர்ந்து பார்த்தால் எச்சரிக்கை தெரியும். முதல் கோல் பி.எஸ்.ஜி. தடுப்பாட்டக்காரர் கேரரின் தவறான பின்பாஸில் வந்தது. இரண்டாவது, கோல்கீப்பர் பஃபோன் கைநழுவவிட்ட பந்தில். மூன்றாவது, கடைசி நிமிடத்தில் வி.ஏ.ஆர். (வீடியோ நடுவர்) தந்த பெனால்டி. எதிரியின் பிழையைத் தண்டிக்கும் கலையில் சோல்ஷேருக்கு நிகர் இல்லை. ஆனால் எதிரி எல்லா நாளும் பிழை செய்வதில்லை. நிரந்தர ஒப்பந்தத்துக்குப் பின் அந்தச் சீசனில் மிச்சமிருந்த பத்து ஆட்டங்களில் வெற்றி இரண்டு, தோல்வி ஆறு. கீழிறங்கியது உறுதியாகிவிட்ட ஹடர்ஸ்ஃபீல்டுடன் 1-1. கடைசி நாளில், ஏற்கெனவே கீழே போய்விட்ட கார்டிஃபிடம் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் 0-2.

2020 ஜனவரி இறுதியில் புரூனோ ஃபெர்னாண்டஸ் வந்தார். அடைத்த கதவைத் திறக்கும் பாஸ் ஒன்றை எங்கிருந்தாவது கொண்டுவரும் வீரர். அவர் வந்தபின் அந்தச் சீசனின் மீதி 14 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை, மூன்றாம் இடம். பயிற்சியாளரின் குறையை ஒரே ஒரு வீரர் மறைத்தார் என்பேன்.

என் வாதத்துக்கு வலுவான சாட்சி 2020-21 சீசன். 74 புள்ளிகள், இரண்டாம் இடம். அந்நிய மைதானங்களில் 19 ஆட்டங்கள்: 12 வெற்றி, 7 சமநிலை, தோல்வி பூஜ்யம். சொந்த மைதானத்தில் 19 ஆட்டங்கள்: 9 வெற்றி, 4 சமநிலை, 6 தோல்வி. டாட்டன்ஹாமிடம் 1-6, அப்போது அட்டவணையின் அடியில் கிடந்த ஷெஃபீல்ட் யுனைடெட்டிடம்கூட 1-2. கொரோனாவால் மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்த சீசன் அது. பிரீமியர் லீக் முழுவதிலுமே அந்நிய அணிகள் உள்ளூர் அணிகளைவிட அதிகம் வென்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் இத்தனை பெரிய வித்தியாசத்தைக் கொரோனா மட்டும் விளக்காது. வெளியூரில் எதிரணி தன் ரசிகர் இல்லாவிட்டாலும் தாக்க முன்வரும்; ரஷ்ஃபோர்டுக்கு ஓட இடம் கிடைக்கும். ஓல்ட் டிராஃபோர்டுக்கு வரும் அணி பின்னால் நிற்கும். பந்தைத் தன்னிடமே வைத்திருக்க விரும்பும் குவார்டியோலாவின் மான்செஸ்டர் சிட்டியை அவர்களுடைய எத்திஹாட் மைதானத்திலேயே சோல்ஷேர் மூன்று முறை வென்றார். பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு ஒரு முறைகூட வாய்க்காத வெற்றி அது.

க்டான்ஸ்க்

2021 மே 26, போலந்தின் க்டான்ஸ்க், யூரோப்பா லீக் இறுதி. எதிரணி வில்லாரியல், பயிற்சியாளர் உனாய் எமெரி. பாரெஹோவின் ஃப்ரீகிக்கில் ஜெரார்ட் மொரேனோ 29ஆவது நிமிடத்தில் அடித்தார். 55ஆவது நிமிடத்தில் கவானி சமன் செய்தார். அதுவும் கார்னருக்குப் பின் உண்டான குழப்பத்தில். அதன்பின் வில்லாரியல் இரண்டு நெருக்கமான வரிசைகளாகப் பின்னால் நின்றது. யுனைடெட் பந்தை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தள்ளிக்கொண்டே இருந்தது.

சோல்ஷேரின் முதல் மாற்றம் கூடுதல் நேரத்தில், 100ஆவது நிமிடத்தில். அதற்குள் எமெரி ஐந்து பேரை மாற்றிவிட்டிருந்தார். 22 ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் மாற்று வீரராக வந்து ஐரோப்பாவை வென்றவர் ஏன் மாற்று வீரர்களை இறக்கவில்லை என்று எல்லாரும் கேலி செய்தார்கள். கேலி நியாயம்தான், ஆனால் காரணத்தைத் தொடவில்லை.

மாற்று வீரரைப் பயன்படுத்தத் தெரியாதவர் அல்லர் அவர். ஆறு மாதம் முன்பு, 2020 நவம்பரில், சவுத்தாம்ப்டனில் 0-2 என்று பின்தங்கியபோது இடைவேளையில் கவானியை இறக்கினார். கவானி இரண்டு கோல்கள் அடித்து 3-2 வெற்றி தந்தார். ஆனால் சவுத்தாம்ப்டன் முன்னேறி வந்து ஆடும் அணி. அங்கே இறங்கியவருக்கு இடம் இருந்தது. க்டான்ஸ்கில் இடம் இல்லை. யாரை இறக்கினால் இடம் உண்டாகும் என்ற விடை பயிற்சியாளரிடம் இல்லை. பெஞ்சில் இருந்தவர்களில் டோனி வான் டே பேக் நெருக்கத்துக்குள் ஆடப் பழகியவர். முந்தைய கோடையில் அயாக்ஸிலிருந்து பெரும் தொகைக்கு வாங்கியிருந்தார்கள். அந்தச் சீசன் முழுவதும் பிரீமியர் லீக்கில் முதல் பதினொன்றில் அவருக்குக் கிடைத்தது நான்கு ஆட்டங்கள். அன்றிரவும் இறங்கவில்லை. இன்னின்னார் போதும் என்று சோல்ஷேர் முடிவு செய்துவிட்ட சிறு வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களை நம்பத் தயங்கினார்.

அவருக்காகச் சொல்ல வேண்டியதும் உண்டு. தடுப்பின் தூணான மக்வயர் காயம். கிளப் உரிமையாளர்களுக்கு எதிராக ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததால் லிவர்பூல் ஆட்டம் தள்ளிப்போய், மே 9, 11, 13 என்று ஐந்து நாளில் மூன்று லீக் ஆட்டங்கள் ஆட நேர்ந்திருந்தது. வீரர்கள் களைத்திருந்தார்கள். களைத்தவர்களை மாற்றத்தானே பெஞ்ச்?

ஆட்டம் 1-1 என்றே முடிந்து பெனால்டிகளுக்குப் போனது. அவற்றில் 21 பேர் வரிசையாக அடித்தார்கள். 22ஆவதாக வந்த கோல்கீப்பர் டேவிட் டி கேயாவின் பந்தை வில்லாரியல் கோல்கீப்பர் ருல்லி தடுத்தார். வில்லாரியலுக்கு 11-10 வெற்றி.

ரொனால்டோவுக்குப் பின்

கோடையில் ஒப்பந்தம் 2024 வரை நீண்டது. சாஞ்சோ, வரான், கடைசியில் ரொனால்டோ வந்தார்கள். ரொனால்டோ கோல் அடித்தார்; அதில் குறையில்லை. ஆனால் 36 வயது ரொனால்டோவை முன்னால் வைத்து வேகமான எதிர்த்தாக்குதலும் இல்லை, பந்தை மேலேயே பறிக்கும் நெருக்கடியும் இல்லை. அக்டோபர் 16 அன்று லெஸ்டரில் 2-4 தோற்றபோது, அந்நிய மைதானங்களில் 29 லீக் ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த சாதனை நின்றது. அக்டோபர் 24 அன்று லிவர்பூல் ஓல்ட் டிராஃபோர்டில் 5-0. யுனைடெட்டின் முன்வரிசை பந்தைப் பறிக்க ஓடியது, பின்வரிசை கூட வரவில்லை. இடையில் திறந்த வெளியில் லிவர்பூலின் சலா மூன்று அடித்தார். எந்த இடைவெளியைத் தேடியே சோல்ஷேர் வாழ்ந்தாரோ அதை அவருடைய அணி எதிரிக்கு இலவசமாகக் கொடுத்தது. நவம்பர் 20 அன்று வாட்ஃபோர்டில் 1-4. இடைவேளையில் இறங்கி அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் வான் டே பேக். மறுநாள் காலை நீக்கம். மொத்தம் 168 ஆட்டங்கள், 91 வெற்றிகள், கோப்பை இல்லை.

கிளப் நிர்வாகத்தின் பங்கும் சிறிதல்ல. கால்பந்து இயக்குநர் என்றொருவரையே 2021 மார்ச்சில்தான் நியமித்தார்கள். அதுவரை ஆள் வாங்குவதில் ஒரே சிந்தனை இல்லை. பயிற்சிக் குழுவுக்கு அனுபவம் போதாது என்ற பழிச்சொல்லையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்தக் குழுவின் கீரன் மெக்கென்னா இப்ஸ்விச்சுக்குப் போய், அந்த அணியை அடுத்தடுத்து இரண்டு படி உயர்த்தி 2024இல் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்தார். ஆட்கள் திறமையானவர்கள்தான், அடைத்து நிற்கும் எதிரணிக்கு என்ன செய்வது என்ற பொதுத் திட்டம் மேலிருந்து வரவில்லை.

மூன்று ஆண்டுக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டு, 2025 ஜனவரியில் இஸ்தான்புல்லின் பெஷிக்தாஷ் அணிக்கு வந்தார். முதல் ஆட்டத்திலேயே அத்லெடிக் பில்பாவோவை 4-1 என வென்றார்கள். மார்ச்சில், அதுவரை அந்த லீக் சீசனில் தோற்காத கலாதாசராயை 2-1. இரண்டுமே முன்னேறி ஆடும் அணிகள். லீக்கில் நான்காம் இடம். அடுத்த சீசன் தொடங்கியதும் ஷக்தார் டொனெட்ஸ்க் யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில் வெளியேற்றியது. ஆகஸ்ட் 28 அன்று கான்ஃபரன்ஸ் லீக் தகுதிச் சுற்றில், சுவிட்சர்லாந்தின் லோசான் அணியிடம், சொந்த ரசிகர்கள் முன்னால், ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் 0-1. அன்றிரவே கிளப் அவரை நீக்கியது.